ஒன்பதாம் இருக்கையின் டேப்

வெர்னா கோஸ்டியுக் காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மற்ற நேரத்தில் ஹார்லன் க்ரீக் ஐஸ் ஹாக்கி அணியின் மேலாளர். பத்தொன்பது வருடமாக அணியின் சட்டைகள் அவர் வீட்டு இயந்திரத்தில்தான் துவைக்கப்படுகின்றன.

இந்த அக்டோபரில் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மூன்று பருவங்களுக்கும் ஆடக்கூடிய பதினைந்து பேரின் பட்டியல் ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும். வராவிட்டால் அணி, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வில்டன் ஊர் அணியோடு இணைக்கப்படும். வில்டனின் பச்சைச் சட்டையைப் போடுவதைவிட எங்கள் ஆட்கள் ஸ்கேட்டையே தூக்கி எறிந்துவிடுவார்கள்.

உடைமாற்றும் அறையில் பதினெட்டு இருக்கைகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப்பில் ஒரு பெயர். சராசரி வயது முப்பத்தொன்பது. மூன்று வருடம் தாங்குவார்கள் என்று மனசாட்சியோடு வெர்னாவால் எழுத முடிந்தது ஒன்பது பேரைத்தான்.

வியாழக்கிழமை மாலை பனிக்களமான ரிங்க்கின் வாசலில் ஒரு இளைஞன் வண்டியின் இறக்கிவிட்ட பின்கதவில் உட்கார்ந்து ஸ்கேட் கட்டிக்கொண்டிருந்தான். பொதுமக்கள் சறுக்கும் நேரத்துக்கு வந்தவன். வெல்டர், பெயர் ஜோயல் கத்பர்ட்.

"டீம்ல சேரலாமே, தம்பி?" என்றார் வெர்னா.

"ரெண்டு தடவ வந்து பாத்தேங்க. ஒரு சீட்டும் காலியில்ல, எல்லாத்துலயும் பேரு. எங்க பட்டறையில ஆறு பேரு ஆடுவோம். ஆறு பேரும் பாத்துட்டுத் திரும்பிட்டோம்."

வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விலகுகிறவர் தன் டேப்பைத் தானே உரிக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பது இந்த அறையின் வழக்கம். ஏழு வருடமாக ஒருவரும் உரிக்கவில்லை. சிலர் பீர் குடிக்க மட்டும் வருகிறார்கள்.

நேராக, ஆட்கள் கூடியிருந்த அறைக்குள் போனார்.

"மூணு வருஷம் கழிச்சு யார் யார் இருப்பீங்க? கை தூக்குங்க."

"உசுரோடயா, ஸ்கேட்டோடயா?" என்றான் கார்டன், கோல்கீப்பர்.

"ஸ்கேட்டோட."

பத்துக் கைகள் உயர்ந்தன. பத்தாவது கை அவர் கணவர் லெஸ்ஸுடையது.

"உன் முட்டியக் கேட்டுட்டுத் தூக்குடா," என்றான் கார்டன்.

வெர்னா பட்டறைக்காரர்களைப் பற்றிச் சொன்னார். சிரிப்பு அடங்கியது. ஒன்பதாம் இருக்கையில் இருந்த லெஸ் தலைக்கு மேலிருந்த டேப்பை அண்ணாந்து பார்த்தார்.

"உரிக்கச் சொல்றியா?"

"நான் சொல்ல மாட்டேன். அது உன் டேப்பு."

பட்டியல் வெர்னாவின் கையில் இருந்தது. லெஸ் அதையும் பார்த்தார். பிறகு பெஞ்சின் மேல் ஏறி நின்று உரிக்க ஆரம்பித்தார். பதினோரு வருடப் பசை, துண்டு துண்டாக வந்தது. பெயர் இருந்த துண்டை மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வெளியே போனார். அதை ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து களத்துக்கு இறங்கும் கதவின் மேல் ஒட்டினார்.

"கதவு திறந்து விட ஆள் வேணும்ல," என்றார் திரும்பி வந்து.

அதன் பிறகு, பீர் குடிக்க மட்டும் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் டேப்பை உரித்தார்கள். அரை மணி நேரத்தில் ஒன்பது இருக்கைகள் காலி.

சனிக்கிழமை பயிற்சிக்கு ஆறு வெல்டர்களும் வந்தார்கள்.

"ஒருத்தனுக்குப் பின்பக்கமாச் சறுக்கத் தெரியல," என்று முணுமுணுத்தான் கார்டன்.

"லெஸ்ஸுக்கும்தான் தெரியாது, பதினோரு வருஷம் ஆடலையா?" என்ற வெர்னா, பதினைந்தாவது பெயரை எழுதிப் பட்டியலை அன்றே அனுப்பினார். இன்னும் மூன்று இருக்கைகள் காலியாக இருக்கின்றன. அறைக் கதவை அவர் இப்போது திறந்தே வைக்கிறார்.