மாமா தைத்த தோல் புறா

என் எழுத்து மேசைக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் தோலால் செய்த ஒரு புறா இருக்கிறது. உடம்பு சாம்பல் நிறம். இறக்கையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டைகள். கழுத்தில் மட்டும் பச்சையும் ஊதாவும் மாறி மாறித் தெரியும் ஒரு மினுமினுப்பு. கண்ணுக்கு, ஷூவில் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி அடிக்கிற சின்ன வளையம் வைத்திருக்கிறது. நெஞ்சின் நடுவில் மிளகு அளவில் ஓர் ஓட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் கழுத்தைப் பார்த்து வியப்பார்கள். என் கண் ஓட்டைக்குத்தான் போகும்.

அதைச் செய்தவர் என் அக்காவின் கணவர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். தோலுக்குக் கடைசியாக நிறமும் பளபளப்பும் ஏற்றும் இடம் அது. கல்யாண வீட்டில்கூட எதிரே உட்கார்ந்திருப்பவரின் செருப்பை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிற ஆள். வெளிநாட்டு வியாபாரியின் சார்பில் கம்பெனிக்கு ஒரு செக்கர் வருவார். பிடிக்காத தோலில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். பாராட்டு என்ற ஒன்று அந்த வேலையில் கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டாமல் போனால் தோல் 'பாஸ்', அதுதான் பாராட்டு. இருபது வருஷத்துக்கு மேல் மாமா அதை வாங்கிக்கொண்டிருந்தார்.

மாதனூர்ப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. பயிர் வைப்பது அக்கா. ஒரு வருஷம் ஆடியில் விதைத்த வேர்க்கடலையை முளை விடுவதற்கு முன்பே மாடப்புறாக்கள் தின்று தீர்த்துவிட்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு டேனரியின் தோல் உலர்த்தும் கொட்டகைதான் அவற்றின் வீடு. விடிந்ததும் பாலாற்றைத் தாண்டி மொத்தமாக வரும். ஏர் ஓட்டிய சாலிலேயே, வேலைக்குச் சேர்ந்த ஆட்கள் மாதிரி வரிசையாக நடந்து, பருப்பைக் கிளறி எடுக்கும். தகரம் தட்டினால் எழும்பி ஒரு வட்டம் போட்டுவிட்டு அதே இடத்தில் இறங்கும். பட்டாசுக்கும் அதே வட்டம்தான். அடுத்த மழைக்கு, அக்கா கைவசம் வைத்திருந்த கடைசி விதைப் பருப்பும் மண்ணுக்குள் போனது. "இதுவும் போச்சுன்னா, நடுக்கழனியில நம்மதான் நின்னு முளைக்கணும்" என்றாள்.

அப்போது நான் வேலூரில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். விடுமுறை எடுத்து உதவிக்கு வந்திருந்தேன். மாமா, கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்த தன் தோஸ்த் பாயிடம் ஏர் கன்னை இரவல் வாங்கி வந்தார். அவர் குறி பிசகாது. வேப்பமரத்தில் பழுத்துத் தொங்கும் பழத்தைச் சொல்லி அடிப்பார். ஆனால் அந்தத் துப்பாக்கியின் குண்டு தூரம் போகாது. புறா பக்கத்தில் வர வேண்டும். இறங்கி மேயும் புறாவைப் பார்த்தால்தான் பறக்கிற புறா நம்பி இறங்கும் என்பதால், ஷூவுக்கு வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளில் அவர் புறா தைக்க ஆரம்பித்தார். உள்ளே மரத்தூள், காலுக்குக் கம்பி. அந்த பாய் பார்த்துவிட்டு, "ஏம்பா, நீ புறா சுடப் போறியா, புறாவுக்கு ஷூ மாட்டப் போறியா?" என்று கேட்டாராம்.

முதல் நாள் தோல் புறாக்களைக் கழனியில் நட்டுவைத்தும் ஒரு புறாவும் பக்கத்தில் இறங்கவில்லை. கூட்டம் தாழ்ந்து வந்தது. பிறகு ஏதோ சூடு பட்டதுபோல் விலகி, கழனியின் மறுகோடியில் போய் உட்கார்ந்து நிம்மதியாக மேய்ந்தது. கழனி ஓர மரத்தடியில் பனையோலை மறைப்புக்குப் பின்னால் இருந்த எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. கூழ் கொண்டுவந்த அக்காதான் வரப்பிலிருந்தே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"இன்னாங்க இது, ஷோரூம்ல அடுக்கின மாதிரி இந்த மின்னு மின்னுது? எந்தப் புறாங்க பாலிஷ் போட்டுக்குனு மேய வரும்?"

மாமா தன் புறாக்களை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கம்பெனியில் முதல்தரத் தோலுக்குக் கொடுக்கிற அத்தனை பூச்சையும் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டிச் சூரியன் எரிந்தது. பளபளப்பு இல்லாமல் ஒரு பொருளைக் கையை விட்டு அனுப்ப அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார். தோலைத் திருப்பி, சொரசொரப்பான உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துச் சாம்பல் சாயம் ஏற்றினார். "கழுத்து பாலிஷ மட்டும் உடமாட்டேன் மச்சான்" என்றார். "அதுங்க கழுத்து நெசமாவே மின்னுது. அதுல நான் கை வச்சா பொய் சொன்ன மாதிரி ஆய்டும்."

மறுநாள் காலை அவற்றை மரத்துக்குப் பக்கத்து மூலையில், காற்று வருகிற திசைக்கு முகம் காட்டி நட்டுவைத்தோம். புறா எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் உட்காரும். ஒன்று முதுகு காட்டினாலும் கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அதன் பிறகு பார்த்ததைச் செய்தியாக எழுதச் சொல்லியிருந்தால் நான்கு வரிக்கு மேல் எழுதியிருக்க மாட்டேன். ஆற்றுப் பக்கமிருந்து கூட்டம் வந்தது. எங்கள் தலைக்கு மேல் கடந்து, மலைப் பக்கம் போய், ஒரே உடம்பாகச் சாய்ந்து திரும்பியது. சாய்ந்த கணத்தில் அத்தனை இறக்கைகளின் அடிப்பக்கமும் ஒருசேர வெளுத்தது. பிறகு இறக்கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி அவை தோல் புறாக்களுக்கு நடுவே வந்து இறங்கின. அந்தக் காற்று ஓலை மறைப்பைத் தாண்டி என் முகத்தில் பட்டது. மூச்சுவிடவும் பயமாக இருந்தது. கழனி முழுக்க நடமாட்டம். எது தோல், எது உயிர் என்று இரவெல்லாம் கூட இருந்து தைக்கக் கொடுத்த எனக்கே ஒரு நொடி தெரியவில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் ஆண் புறா பிரிந்து வந்தது. மாமாவின் புறாக்களில் ஒன்றின் எதிரே நின்று கழுத்தை உப்பியது. தலையைத் தாழ்த்தி, குமுறிக்கொண்டே, வாலை மண்ணில் இழைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மறுபடி குனிந்தது. தோல் புறா அசையவில்லை. இது விடவில்லை. வெயிலில் இரண்டு கழுத்துகளும் ஒரே பச்சையில், ஒரே ஊதாவில் மின்னின.

மாமாவின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருந்தது. விரல் விசையில் இருந்தது. ஆண் புறா நிற்கும் இடம் ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. அவர் சுடவில்லை. உதட்டை மட்டும் அசைத்து, எனக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார்: "பாஸ் பண்ணிட்டான் மச்சான்."

சுற்றிலும் மற்ற புறாக்கள் உழவு சால்களைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பருப்பு போனது. வரப்பில் உட்கார்ந்திருந்த அக்காவின் அடக்கிய குரல் வந்தது.

"இன்னாங்க பாத்துக்குனுகீறீங்க? பந்தி போட்டாச்சு, பாயாசமும் ஊத்தப் போறீங்களா? சுடுங்க!"

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி இருந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். துப்பாக்கியின் முனை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்தது. நின்றது. பிறகுதான் விசை அழுந்தியது. தோல் புறா கம்பியோடு பின்னால் சாய்ந்தது. கூட்டம் மொத்தமும் ஒரே கைதட்டல்போல எழும்பி ஆற்றுப் பக்கம் போனது. ஆண் புறாவும் அதோடு போனது.

அக்கா ஓடி வந்து விழுந்து கிடந்ததை எடுத்துப் பார்த்தாள். "நல்லா சுட்டீங்க! செத்ததையே சாவடிச்சிட்டீங்க!" மாமா, "குறி தப்பிச்சு" என்றார்.

அன்று மாலையே கூட்டம் திரும்பி வந்தது. மாமா சுட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் சுட்டார், ஒரு குண்டும் வீணாகவில்லை. அக்கா மிளகு போட்டுக் குழம்பு வைத்தாள், மூவரும் சாப்பிட்டோம். விழுந்த புறாக்களைப் பார்த்த கூட்டம் பிறகு அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டது. கடலை முளைத்தது. மரத்தடி மூலை மட்டும் அறுவடை வரைக்கும் சொட்டையாகக் கிடந்தது. யார் வந்தாலும் அக்கா அதைத்தான் முதலில் காட்டுவாள்: "எங்க வூட்டுக்காரரு குறி பாத்த இடம்." மாமா சிரித்துக்கொண்டே நிற்பார். அந்தக் கேலியை அவர் கடைசிவரை மறுக்கவே இல்லை. அந்த விரற்கடையைப் பற்றி நானும் கேட்டதில்லை.

போன வருஷம் மாமா இறந்தார். காரியம் முடிந்து கிளம்பும்போது அக்கா உள்ளே போய் இந்தப் புறாவை எடுத்துவந்தாள். மற்றவை எலிக்கும் மழைக்கும் போய்விட்டன. இதை மட்டும் அவள் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். நெஞ்சிலிருந்த ஓட்டையின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

"நட்ட நடு நெஞ்சுலடா" என்றாள். "இது தப்பின குறியா?"

நான் அவளைப் பார்த்தேன். அப்படியென்றால் இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியும்.

"வெத போதேன்னு வயிறு எரிஞ்சுது எனக்கு. ஆனா அந்த மனுசன் மூஞ்சிய அன்னிக்கி நீயும்தான பாத்த?" என்றாள். "கல்யாணத்தன்னிக்கிகூட அப்படி இல்ல."

என் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஏசி பெட்டியின் மேல் புறாக்கள் வந்து அடைவதால் குடியிருப்பில் எல்லோரும் வலை அடித்துவிட்டார்கள். நானும் அடித்திருக்கிறேன், இந்த ஒரு ஜன்னலைத் தவிர. காற்று திசை மாறும் நாட்களில் தோல் புறாவின் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன். இன்று மேல்காற்று. ஓட்டை விழுந்த நெஞ்சை அதற்குக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே புறா ஒன்று வந்து நின்று, அதை ஒரு கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.