ஊசி அக்கா தட்டிய எண்

தெருவில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். பதினான்கு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளும் அவள் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். "வலிச்சா சொல்லுங்க. ஆனா மெதுவா சொல்லுங்க, அடுத்த ஆளு ஓடிருவாரு" என்பாள். நரம்பு தேடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே ஒருவனுக்கு மட்டும் இரண்டு தடவை குத்தவேண்டி வரும். அவன் அவளுடைய தம்பி.

தம்பி செல்போன் பழுதுபார்க்கிறவன். பூதக்கண்ணாடிக்கு அடியில் எறும்புக் கால் அளவு கம்பியைப் பற்றவைப்பான். மனசுதான் ஒரு நிலையில் நிற்காது. ஏறினால் பத்து நாள் தூங்கமாட்டான், இறங்கினால் ஒரு மாதம் படுக்கையைவிட்டு எழமாட்டான். முதலில் லித்தியம் கொடுத்தார்கள். மனசு நின்றது, கை நடுங்க ஆரம்பித்தது, கடையை மூடினான். பிறகு வேல்ப்ரோயேட் மாத்திரைக்கு மாற்றினார்கள். அதில் மனசும் நிலையாக நின்றது, கை நடுக்கமும் நின்றது, கடையும் திறந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு, குணமாகிவிட்டது என்று அவனாகவே மாத்திரையை நிறுத்தினான் அந்த மகராசன். இரண்டாவது வாரம் அக்காவின் ஐந்து வயது மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடல் பார்க்கக் கிளம்பிவிட்டான். இரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டுபிடித்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது.

போன வருடம் அவன் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. மாத்திரையும் கல்லீரலைத்தான் படுத்தும், வைரஸும் கல்லீரலைத்தான் படுத்தும். மனநல மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மாசாமாசம் எஸ்.ஜி.பி.டி. பாருங்க. கல்லீரல் அடி வாங்கினா அந்த எண் ஏறும். நாப்பதுக்குள்ள இருக்கணும். நூத்தி இருபதைத் தாண்டினா மாத்திரையை நிறுத்தியாகணும்."

எண் மாதாமாதம் ஏறியது. அந்தச் செவ்வாய்க்கிழமை இயந்திரம் நூற்று இருபத்தாறு காட்டியது. இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டு மறுபடி ஓட்டினாள். நூற்று இருபத்து நான்கு. இன்னொரு தடவை ஓட்டினாள். நூற்று இருபத்தேழு. அறிக்கையைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். கையெழுத்துப் போடுகிற பெரியவர் எதையும் படிக்கிற பழக்கம் இல்லாதவர்.

தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். "எவ்வளவுக்கா?"

சொன்னாள்.

"நூத்திப் பத்துன்னு அடிச்சிரு."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா, அதுக்குத்தானே மாத்திரை" என்று சிரித்தான். சிரிப்பு சட்டென்று நின்றது. "கல்லீரல் கெட்டா நான் ஒருத்தன்தான் போவேன். மாத்திரையை நிறுத்துனா பாப்பாவை என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாதுக்கா."

அவளுக்கும் நூற்றுப் பத்துதான் வேண்டும். பொய் சொன்னால் தம்பி போவான், உண்மையைச் சொன்னால் மகள் என்ன ஆவாளோ. இதில் எதைத் தட்டுவது? நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. நூற்று இருபத்தாறு என்றே தட்டினாள்.

மனநல மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வைரஸோட வேலையா, மாத்திரையோட வேலையான்னு இப்போ சொல்ல முடியாது. வைரஸுக்கு மருந்து ஆரம்பிச்சிரலாம். இப்போ சாப்பிடுற மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி லித்தியம். அது சிறுநீரகம் வழியா வெளியே போயிரும், கல்லீரலுக்குப் பாரமில்லை. ஆனா மனசைப் பிடிச்சு நிறுத்த ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் யாராவது கூடவே இருக்கணும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "என்னை இங்கயே சேத்துக்கோங்க டாக்டர். வீட்டுல பாப்பா இருக்கா."

சொந்த விருப்பத்தில் சேர்வதாக எழுதிய தாளில் அவனே கையெழுத்துப் போட்டான். உள்நோயாளிகள் பகுதியின் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "பழுதுபார்க்க வந்த போன் ஏழு இருக்கு, மேசை இழுப்பறையில. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துரு அக்கா. மறுபடி கை நடுங்கும், இனிமே என்னால ஆகாதுன்னு சொல்லிரு" என்றான்.

செவிலி சாவிக்கொத்தில் சாவி தேடினாள். வேணாம்டா, வீட்டுக்கு வா என்று சொல்ல அக்காவுக்கு ஒரு நிமிடம் முழுதாக இருந்தது. அவள் சொல்லவில்லை. பூட்டு விழுந்தபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை படிக்கட்டில் இறங்கும்போதுதான் வந்தது.