யாருக்கு எடுத்த சீலை?

வசூலுக்கு வந்த ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நின்றான். கழுத்தில் டை, கக்கத்தில் தோல் பை, முகத்தில் ஊரையே விலைக்கு வாங்கியவனின் தோரணை.

சாந்தாமணி அப்போது சம்பந்தியம்மா வள்ளியாத்தாளுக்கு இரண்டாவது முறையாகச் சந்தகை பரிமாறி, தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் கோகிலவாணியைச் சென்னிமலையில் கட்டிக்கொடுத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தியம்மா கோயமுத்தூர் கணபதியில் இருந்த இவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது அதுவே முதல் தடவை.

"தம்பிதுரை இருக்காரா? கிரெடிட் கார்டு பாக்கி ரெண்டு மாசமா நிக்குது" என்றான் வந்தவன், தெருவுக்கே கேட்கும் குரலில். "ஆர்.எஸ்.புரத்துல மூணு பட்டுச் சேலை எடுத்திருக்காரு, ஆவணி மாசத்துல. எடுக்கத் தெரிஞ்சவருக்குக் கட்டத் தெரியாதா?"

"ஆவணியிலயா? நாங்க எதுவும் எடுக்கலைங்களே" என்றாள் சாந்தாமணி.

"நீங்க எடுக்கலம்மா. அவரு எடுத்திருக்காரு."

அவன் போய்விட்டான். வள்ளியாத்தாள் இலையிலிருந்து கையை எடுத்தாள். சென்னிமலையில் எட்டுத் தறி வைத்துப் பெட்ஷீட் நெய்து விற்கும் குடும்பம். துணி என்றால் அவளுக்குக் காது நீளும்.

"மூணு பட்டுச் சீலைங்களா அம்மணி? எங்ககிட்ட ஒண்ணுகூடக் காட்டலையே?"

எவ்வளவு மரியாதையான கேள்வி! அந்த மரியாதைக்குள் இருந்த ஊசி சாந்தாமணியின் நெஞ்சில் நேராக இறங்கியது. காட்டுவதற்கு அவளிடம் சீலை இருந்தால்தானே?

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்காட்டில் பிறந்தவள் சாந்தாமணி. பத்தாம் வகுப்பு முடித்ததும் லேத்துப் பட்டறைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கோயமுத்தூர் வந்தாள். ஒற்றை லேத்தோடு வாடகைக் கொட்டகையில் ஆரம்பித்த பட்டறை. மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து, கணவன் தலை நிமிரும்வரை அவள் தன் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போதும் என்று இருந்தவள். யாரிடமும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட, "கத்தாதீங்க, தொண்டை வலிக்குமுங்க" என்று சொன்னவள். அப்படிப்பட்டவளின் வீட்டில் வந்து, சாப்பிடுகிற விருந்தாளியின் முன்னால், அவள் புருஷனை யாரோ ஒருத்திக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவனாக்கிவிட்டுப் போய்விட்டான் ஒரு டைக்காரன்!

மதியம் பட்டறையிலிருந்து வந்த தம்பிதுரை கேட்டதும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பில்லு வந்தப்பவே பேங்குல போய்ச் சொல்லிப்போட்டேன் சாந்தா, இது என்ரதில்லைன்னு. பாக்கறோம்னாங்க. தப்பா வந்துருக்கும், திருத்திருவாங்கன்னு நெனச்சேன். உங்கிட்டச் சொல்லி எதுக்குக் கலவரப்படுத்தறதுன்னு..."

"எங்கிட்டச் சொல்லாம வெச்சதுதானுங்க இப்பத் தப்பாத் தெரியுது."

நாலாம் நாள் சென்னிமலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோகிலவாணி அழுதுகொண்டே பேசினாள். சாப்பிட உட்கார்ந்தால் மாமியார் கேட்கிறாளாம்: "உங்கப்பன் எடுத்த சீலை எந்த ஊட்டுக்குப் போச்சு கண்ணு?" வருகிறவர் போகிறவர் முன்னாலும் கேட்கிறாளாம். "அப்பா அப்படிப்பட்டவரு இல்லைன்னு சொன்னேன்மா. எல்லாரும் சிரிக்கறாங்க."

பெற்றவள் வயிறு எரியாதா? மறுநாள் காலையிலேயே சாந்தாமணி வங்கிப் படியேறினாள்.

அங்கே கண்ணாடி அறைக்குள் இருந்த அதிகாரி அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு சீட்டை எடுத்து மேசையில் தள்ளினார். கடைகளில் அட்டையை இயந்திரத்தில் வைத்து, மேலே சீட்டைப் பரப்பி, கைப்பிடியைக் கரக் கரக்கென்று இழுத்து எண்ணைப் பதிய வைப்பார்களே, அந்தச் சீட்டு.

"இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானே?"

அவருடையதேதான். 'த'வுக்குக் கீழே வளைத்துக் கோடு இழுக்கும் பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது. சாந்தாமணி சீட்டைக் கையில் எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

அதிகாரி சிரித்தார். "ஆம்பளைங்க எல்லாத்தையும் வீட்டுல சொல்லிட்டா செய்வாங்க? அவர்கிட்டயே கேளுங்கம்மா. பேங்க் நேரத்தை வீணாக்காதீங்க."

அந்தச் சிரிப்பு! வாங்காத பொருளுக்குப் பணம் கேட்பது ஒரு குற்றம் என்றால், கேட்க வந்த பெண்ணின் தாலியைப் பார்த்து இளிப்பது அதைவிடப் பெரிய குற்றமில்லையா?

வீட்டுக்கு வரவில்லை அவள். நேராகப் பட்டறைக்குப் போனாள். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்க, அந்தச் சீலை யாருக்கு எடுத்தீங்க?"

தம்பிதுரை அவளையே பார்த்தார். கையிலிருந்த கழிவுப் பஞ்சு கீழே விழுந்தது. "நீயுமா சாந்தா?" என்றார். அதற்கு மேல் அவர் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கோபிக்கவில்லை. கண்தான் கலங்கியது.

"கையெழுத்து உங்களுதுங்க. நான் பாத்தேன். எனக்கு வேற யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியலைங்க. உங்ககிட்டத்தான் கேக்கறேன்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு திடுக்கென்று நிமிர்ந்தார்.

"கோகிலாளுக்கு ஜவுளி எடுத்தமே, அன்னிக்குக் கார்டை வெச்சு இழுத்து, தொகை போடாம ரெண்டு வெத்துச் சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"வெத்துச் சீட்டுலயா? எதுக்குங்க?"

எதுக்கு! கொங்கு நாட்டில் கல்யாண ஜவுளி எடுத்தவர்களுக்கு அது புரியும். வேனில் இருபது பேர் போவார்கள். அப்படியும் வர முடியாத பெரியம்மாவும் அத்தையும் ஊரில் மிஞ்சுவார்கள். அவர்களும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் சீலை முடிவாகும். அதனால் கடைக்காரர் ஒரு மூட்டை சீலையைக் கட்டி, முன்பணம்கூட வாங்காமல் கொடுத்தனுப்புவார். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் மூட்டை சத்தியமங்கலம் போனது. எத்தனை சீலை நிற்கும் என்று தெரியாது. மறுநாள் தம்பிதுரைக்குப் பட்டறையை விட்டு வர முடியாது. கல்லாவிலிருந்த நரசிம்மலுதான் வழி சொன்னான்: "கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க. நின்ன சீலைக்கு நான் எழுதிக்கறேன். ஒண்ணு தப்பாப் போனாக் கிழிச்சுப்போடலாம், ரெண்டாப் போடுங்க."

"அவ்வளவு சீலைய நம்பிக் குடுத்தவங்களுக்கு நான் ரெண்டு கையெழுத்துக் குடுக்க மாட்டேன்னு எந்த வாயால சொல்லறது சாந்தா?" என்றார் தம்பிதுரை. "அது கையெழுத்துன்னே எனக்கு நெனப்பு இல்ல. கை குடுத்த மாதிரி இருந்துச்சு."

நம்பினவன் முட்டாளா? நம்பிக்கையைக் கல்லாப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்து பிறகு விற்றவன் கெட்டிக்காரனா? சாந்தாமணிக்கு உச்சந்தலைவரைக் கோபம் ஏறியது.

ஆர்.எஸ்.புரம் பட்டுக்கடையின் முதலாளி அழகிரிசாமி வாசல்வரை வந்து கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. நரசிம்மலு அவருடைய ஒன்றுவிட்ட தம்பி.

"கையெழுத்து இருக்குதுங்க அம்மணி. நான் என்ன பண்ணட்டும்? குடும்ப விசயம், ஊட்டுல வெச்சுப் பேசிக்குங்க. கலர் குடிக்கறீங்களா?"

"குடிக்கறேனுங்க" என்றாள் சாந்தாமணி. சீலை விரிக்கும் வெள்ளை மெத்தையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வந்த கலர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஜவுளி எடுக்கும் கூட்டம். முதல் வேன் வந்தது.

"ஏனுங்க, கல்யாணத்துக்குங்களா? எந்த ஊருங்க? நல்லா இருக்கோணும். சீலையெல்லாம் நல்ல சீலைங்க. கார்டு வெச்சிருந்தா மட்டும் வெத்துச் சீட்டுல கையெழுத்துப் போட்டுராதீங்க. எங்க ஊட்டுக்காரரு போட்டாருங்க. இப்ப யாருக்கோ சீலை எடுத்தவருன்னு பேரு வாங்கிட்டு நிக்கறாருங்க."

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்புடீங்களா அம்மணி? ஏ, எல்லாரும் எந்திரிங்கொ, அடுத்த கடையப் பாக்கலாம்."

இரண்டாவது வேனும் வந்த வழியே திரும்பியது. அழகிரிசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மணி, இது ஞாயமுங்களா?"

"நான் ஒரு பொய் சொன்னேனுங்களா?"

கல்லாவிலிருந்து நரசிம்மலு சீறிக்கொண்டு எழுந்தான். "ஏய், உம் புருசன் எவளுக்கோ எடுத்துக் குடுத்தான்னா அதுக்கு எங்க கடைதான் கெடைச்சுதா? எந்திரிச்சுப் போ!"

அந்தக் கடையில் வாடிக்கையாளரை 'ஏய்' என்று யாரும் கூப்பிட்டதில்லை. சாந்தாமணி அவனைப் பார்க்கவே இல்லை. முதலாளியைத்தான் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. எங்க சனத்துல ஆம்பளை ஒருத்தன் தனியா வந்து பட்டுச் சீலை எடுத்து நீங்க பாத்திருக்கீங்களா? எங்க ஊட்டுக்காரருக்குப் பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. வந்தாருன்னே வெச்சுக்குவோம். மூணு பட்டுச் சீலை எடுக்க அரை நாளாகும். அவருக்குச் சீலை விரிச்சுக் காட்டினது யாருங்க? கலர் குடுத்தது யாருங்க? உங்க கடையில கலர் குடிக்காம ஒரு ஈ வெளிய போகுமுங்களா? ஒருத்தர், ஒரே ஒருத்தர், நான் பாத்தேன்னு சொல்லட்டும். பணத்தை இங்கயே வெச்சுப்போட்டு நான் போயர்றேன்."

அழகிரிசாமி திரும்பினார். மெத்தைக்கு ஒருவராக நின்ற விற்பனையாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கணபதி தம்பிதுரை, ஆவணியில வந்தாருங்களா? யாரு காட்டினீங்க?"

"கல்யாண ஜவுளிக்கு வந்தாருங்க. அப்புறம் வரலீங்க" என்றார் மூத்த விற்பனையாளர். மற்றவர்களும் தலையசைத்தார்கள். கலர் கொடுக்கும் பழனியாத்தாள், "அவரு சோடாதானுங்க கேப்பாரு. கல்யாணத்துக்கப்புறம் நான் குடுக்கவே இல்லைங்க" என்றாள்.

அழகிரிசாமியின் பார்வை கடைசியாகக் கல்லாவில் வந்து நின்றது.

"நரசிம்மலு. அந்தச் சீலைய யாருக்கு வித்த?"

"அண்ணா..."

"யாருக்கு வித்தடா?"

ரொக்கம் கொடுத்து வாங்கிய யாரோ. ரொக்கம் நரசிம்மலுவின் பைக்குப் போய், அங்கிருந்து லாட்டரிச் சீட்டுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில், கிழிக்காமல் வைத்திருந்த இரண்டாவது சீட்டில் தம்பிதுரையின் கையெழுத்தை வைத்து ஓட்டையை அடைத்திருந்தான். "பெரிய பட்டறைக்காரரு, கவனிக்க மாட்டாருன்னு நெனச்சேன்" என்று அழுதான். ஒரு மனிதனின் முப்பது வருடத்து நல்ல பெயரை அடைப்பானாகப் பயன்படுத்தியவனுக்குக் கண்ணீர் வேறு!

அழகிரிசாமி அங்கேயே வங்கிக்குத் தொலைபேசியில் பேசி, அந்தத் தொகையைத் தன் கடைக் கணக்கிலிருந்து திருப்பிப் போடச் சொன்னார். பிறகு, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சீலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"என்னை மன்னிச்சுருங்க அம்மணி. இத வாங்கிக்கோணும்."

"சீலை வேண்டாமுங்க. கார் எடுங்க. சென்னிமலை போகோணும்."

வழியில் கணபதியில் நிறுத்தி, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு தம்பிதுரையையும் ஏற்றிக்கொண்டார்கள். 'சட்டை மாத்தீட்டு வாரேன்' என்றவரை அவள் விடவில்லை.

தறிச் சத்தத்துக்கு நடுவே, சம்பந்தி வீட்டுக் கூடத்தில், கோகிலவாணியும் கேட்கும்படி அழகிரிசாமி எல்லாவற்றையும் சொன்னார். என் கடையில்தான் திருடன் இருந்தான், இவர் மேல் ஒரு பாவமும் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். தம்பிதுரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டபோதுதான் நிமிர்ந்தார்.

வள்ளியாத்தாள் முந்தானையைத் திருகினாள். "பொம்பளைக்குச் சந்தேகம் வர்றது சகசம்தானுங்களே. ஏன், உங்களுக்கு வரலீங்களா?"

"வந்துதுங்க" என்றாள் சாந்தாமணி. குரல் உயரவில்லை. "வந்ததும் நேராப் போய் அவருகிட்டயே கேட்டேனுங்க. நீங்க அவருகிட்டயும் கேக்கல, எங்கிட்டயும் கேக்கல. ஒண்ணுமறியாத எம் புள்ளைகிட்ட, சோத்துல கை வெச்சப்பக் கேட்டீங்க."



"தெரியாமச் சொல்லிப்போட்டேன் அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

"வெச்சுக்குவேனுங்க" என்றாள் சாந்தாமணி. "இன்னுங் கொஞ்ச நாளைக்கு வெச்சுக்குவேனுங்க."

பிறகு மகளைப் பார்த்து, அப்பாவுக்கு ஒரு வாய் சோறு போடச் சொன்னாள்.