பானுமதி உருட்டிய களி

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் தங்கச்சி பானுமதி ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். முகூர்த்த மாதத்தில் அவசரப்படுத்துகிறவர்கள் யாரும் அவளிடம் திட்டு வாங்காமல் போனதில்லை. அப்பேர்ப்பட்ட வாய்க்காரி, போன ஆவணியில் தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் போய் மூன்று மணி நேரம் வாயே திறக்காமல் திரும்பினாள்.

பத்தொன்பது வயதில் அவள் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் தட்டைக் கண்டாலே நடுங்கினாள். ஊர் பேய் என்றது. நான் திமிர் என்றேன். அந்த ஆஸ்பத்திரியில்தான் இது வியாதி என்று சொல்லி, இரண்டு வருடம் பார்த்துத் தேற்றினார்கள். இப்போது இந்த வியாதிக்குக் கிராமத்து வீடுகளில் எப்படி வைத்தியம் செய்வது என்று அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. படித்தவர்கள் கருத்தோடு பட்டவர்கள் கருத்தும் வேண்டுமாம். அதற்குத்தான் இவளை அழைத்திருந்தார்கள்.

வீட்டாருக்காக அவர்கள் தயாரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் இவளை உறுத்தியது. 'கேழ்வரகுக் களி ஓர் உருண்டை, அம்மா வைக்க வேண்டும்' என்று எழுதி, தேங்காய் பருமனில் படம் போட்டிருந்தது.

"அதப் பாத்ததும் எனக்கு இன்னிக்கும் பயம் வருதுண்ணா. இன்னொரு வூட்ல ஒரு புள்ள அது முன்னால உக்காந்து அழுவும்."

"அங்கயே சொல்றதுக்கு என்ன கேடு?"

"அவுங்கல்லாம் டாக்டருங்க. நான் ஊசி புடிக்கிறவ."

"அவுங்க மட்டும் என்னா, கடப்பாரையா புடிக்கறாங்க?"

அடுத்த கூட்டம்தான் கடைசி. அதோடு புத்தகம் அச்சுக்குப் போய்விடும். அன்று காலை அம்மாவைக் களி கிண்டச் சொல்லி, ஹாட்பாக்ஸில் வாங்கி என் மினி லாரியில் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் வீட்டாருக்கும் இடம் போட்டிருந்தார்கள்; உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். இவள் அன்றும் ஊமை. எழுந்துபோய் ஹாட்பாக்ஸை மேஜை நடுவில் வைத்தேன்.

"இது என்னங்க?" என்றார் பெரிய டாக்டர் ஐஸ்வர்யா. சென்னைக்காரர்.

"களிங்க. எந்தங்கச்சிக்கு வாய் வரல. கையால சொல்லுவா."

"மானத்த வாங்கறயே!" என்று பல்லைக் கடித்தாள் பானுமதி. ஆனாலும் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். களி கைக்கு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது.

"எங்கம்மா ஒரே உருண்டையா வெப்பாங்க. இந்தா நிக்கறானே எங்கண்ணன், முழுங்கற வரைக்கும் எதுர்ல நின்னு மொறைப்பான். ஒருநா அம்மா கையில கொதி தண்ணி பட்டுடுச்சு, என்னைய உருட்டச் சொன்னாங்க. அதே களியத்தான் அஞ்சா உருட்டனேங்க. நான் உருட்டனதப் பாத்து எனக்குப் பயம் வரல."

மேஜையில் இப்போது ஐந்து சின்ன உருண்டைகள்.

டாக்டர் உடனே ஒப்பவில்லை. "அளவ நோயாளி கையில விடக் கூடாதும்மா. வியாதியே அதக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சிடும்."

"அளவு உங்களுதுங்க டாக்டர். அம்மாவே அளந்து போடட்டும். உருட்டறத மட்டும் அந்தப் புள்ள கையில விடுங்க."

டாக்டர் பக்கத்திலிருந்தவர்களோடு கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார். பிறகு அந்தப் பக்கத்தைப் பேனாவால் குறுக்கே அடித்தார். "சில வீடுகள்ல செஞ்சு பாப்போம். அதுவரைக்கும் இது அச்சுக்குப் போகாது." சொல்லிவிட்டுத் தானும் ஒன்று உருட்டப் போனார். களி விரலெல்லாம் அப்பிக்கொண்டது.

"கைய நனைங்க டாக்டர்! இல்லாட்டி களி உங்கள உருட்டிடும்."

கூட்டமே சிரித்தது. டாக்டர்தான் ரொம்ப நேரம் சிரித்தார்.

சித்திரையில் புதுப் புத்தகம் வந்தது. படத்தில் ஐந்து சின்ன உருண்டைகள், பக்கத்தில் ஊசித் தழும்போடு ஒரு கை. பானுமதியின் கைதான். கீழே ஒரு வரி: 'சாப்பிடும்போது யாரும் எதிரே நின்று காவல் காக்கக் கூடாது.'

"யாரச் சொல்றாங்கன்னு தெரியுதா?" என்றாள்.

"தெரியுது, தெரியுது."

அந்தப் பக்கத்தைக் கடைச் சுவரில், ஜாக்கெட் டிசைன் படங்களுக்கு நடுவில் ஒட்டியிருக்கிறாள். புத்தகம் வந்த அன்று மதியம் களி டப்பாவைத் திறந்து தனக்கு உருட்டிக்கொண்டவள், எனக்குத் தேங்காய் பருமனில் ஒன்று உருட்டித் தட்டில் வைத்தாள்.

"நின்னது போதும். பக்கத்துல உக்காந்து துன்னு."

தையல் மிஷினை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.