விஜயகலா நிற்கும் வரிசை

மழை பிடித்துக்கொண்டால் இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. அன்றைக்குத்தான் விஜயகலாவுக்கு வேலை அதிகம். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக் கொட்டகையில் ஒதுங்கி நிற்கும் பெண்களிடம், புதிதாய்க் கட்டிய பகிடியைச் சொல்லிப் பார்க்கிறார். மற்றவர்கள் சிரித்தால் போதாது. அவர்களில் புஷ்பம் சிரிக்க வேண்டும். புஷ்பம் லேசில் சிரிக்கிற ஆளா என்ன? "சரியில்ல புள்ள, பாதியிலயே முடிவு தெரிஞ்சிருச்சி" என்று உதட்டைப் பிதுக்கினால், அந்தப் பகிடியின் ஆயுள் அன்றோடு சரி.

தேறியவை எங்கெங்கோ போகின்றன. கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் மாப்பிள்ளை வீட்டாரையும் விடமாட்டார். எம்பிலிப்பிட்டியவில் முக்கால் மணி நேரம் சிங்களத்திலேயே பேசினார். மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கொழும்புக்கும் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுப் பத்திரிகையில் வாரம் ஒரு பத்தி எழுதுகிறார். அவை ஒல்லியாக ஒரு புத்தகமாகவும் வந்துவிட்டன. "மேடையில மூஞ்சியும் சேந்து பேசும். பேப்பர்ல வெறும் எழுத்துதானே, அது ரெண்டு மடங்கு சுள்ளுனு இருக்கணும்" என்பது அவர் கட்சி.

அந்தப் பத்தியில் வந்து பேர் வாங்கியதுதான் கக்கூஸ் வரிசை. தோட்டத்து வரிசை வீடுகளான அவருடைய லயத்தில் ஏழு வீட்டுக்கு ஒரே கக்கூஸ். விடிகாலையில் அங்கே நிற்கும் ஏழு பேரையும் மேடையில் நடித்தே காட்டுவார்: அவசரக்காரர், அவசரத்தை மறைக்கிறவர், உள்ளே போய் போன் பார்க்கிறவர். சிரிப்பாய்ச் சிரிக்கலாம். ஆனால் அந்த வரிசையில் நின்றே மகள் ஷாமிளா இந்த மாதம் மூன்று தடவை பள்ளிக்கூடம் போகும் தெரணியகலை பஸ்ஸை விட்டிருக்கிறாள். அதை நினைத்தால் விஜயகலாவுக்கு வயிறு எரிகிறது. இன்னொன்று கட்டித் தாருங்கள் என்று மூன்று வருடமாகத் தோட்ட ஆபீஸில் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பத்திரிகையில் எழுதியும் என்ன? தோட்டத்து மேனேஜரான துரை சிங்களவர், அவருக்குத் தமிழ் தெரியாது.

இந்த வருடக் கோயில் திருவிழாவுக்கு அந்தத் துரைதான் பிரதம விருந்தினர். பகல் நிகழ்ச்சியில் விஜயகலாவுக்கு இருபது நிமிடம். கோயில் கமிட்டித் தலைவர் காத்தமுத்து வீடு தேடி வந்துவிட்டார்.

"தங்கச்சி, அந்தக் கக்கூஸ் கத மட்டும் வேணாம்மா. தொர முன்னுக்கே ஒக்காந்திருப்பாரு."

"அது இல்லாம நான் மேடைக்கு ஏற மாட்டேங்கண்ணே."

காத்தமுத்து தலையைச் சொறிந்தார். "சரி, செய். ஆனா தமிழ்லயே செஞ்சிரு. சனமும் சிரிக்கும், அவருக்கும் வெளங்காது. நமக்கும் வம்பில்ல."

நல்ல மனுஷன்தான். ஆனால் வழி சொல்ல வந்தவர், எதைச் செய்ய வேண்டும் என்பதையே காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மழை. கொட்டகையில் ஏழு பேரையும் சிங்களத்தில் பேசவைத்தார் விஜயகலா. ஏழாவது ஆளுக்குப் புஷ்பம் சிரிக்கவில்லை.

"இதையேதான் சொல்லணும் புள்ள" என்றார்.

திருவிழா அன்று, கக்கூஸ் வரிசைக்குக் கொண்டுபோவதுபோல் ஒரு வாளித் தண்ணீரோடு மேடை ஏறிய விஜயகலா, துரையைக் கும்பிட்டுவிட்டுச் சிங்களத்தில் ஆரம்பித்தார். காத்தமுத்துவின் முகம் வெளுத்தது. முதல் ஆளுக்குத் துரை புன்னகைத்தார். மூன்றாவது ஆளுக்குத் தொடையில் தட்டிச் சிரித்தார். ஏழாவது ஆள், பள்ளிக்கூடப் பையோடு நிற்கும் பிள்ளை. அங்கே அவர் சிரிப்பு நின்றது.

விஜயகலா வாளியோடு இறங்கி நேரே துரையின் நாற்காலிக்கு முன்னால் போனார்.

"மாத்தயா, போலிமட்ட எண்ட" என்றார். ஐயா, வரிசைக்கு வாங்க.

வாளியை அவரிடம் நீட்டினார். தண்ணீர் தளும்பிக் கை நனைந்தது. நீட்டிய கையை விஜயகலா மடக்கவில்லை.