வண்டி வராத வழி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது எங்கள் வாசலில் ஐந்தாறு சைக்கிள்கள் நின்றன. ஓட்டி வந்தவர்கள் எல்லாரும் இளவட்டங்கள். தலையில் ஹெல்மெட், கையில் உறை, முதுகில் தண்ணீர்ப் பை. அந்தப் பையிலிருந்து ஒரு குழாய் வாய்வரை வருகிறது. டயர் ஒவ்வொன்றும் மோட்டார் சைக்கிள் டயர் கனம். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பெல்கூட இல்லை. இத்தனையையும் கழற்றிவிட்டால்தான் அது உசத்தி சைக்கிளாம், என் மகன் பிறகு சொன்னான்.

அதில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "ஆன்ட்டி, இந்தப் பக்கம் தார் போடாத ரோடு ஏதாவது இருக்கா? சரளைக்கல் ரோடா இருக்கணும். வண்டியே வரக்கூடாது. காடு, மலை, ஆறு எல்லாம் பாத்துட்டே போற மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தார் ரோடு வேண்டும் என்று மனு எழுதியே கை ஓய்ந்துபோனவர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். சரளில் விழுந்து முட்டி சிராய்க்காத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. என் இடது முழங்கால் இப்போதும் சாட்சி சொல்லும். அப்பேர்ப்பட்ட ரோட்டைத் தேடிக்கொண்டு எங்கிருந்தோ ரயிலில் சைக்கிளை ஏற்றி வருகிறார்களே என்று நினைத்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. "இருந்தது தாயி, இப்ப இல்ல" என்றேன். அவள் நம்பாத முகத்தோடு போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

எங்கள் ஊர் தென்காசிக்குத் தெற்கே, மத்தளம்பாறைக்குப் பக்கத்தில். அங்கிருந்து மலையடியை ஒட்டியே பழைய குற்றாலத்துக்கு ஒரு சரள் பாதை போகும். ரோடு என்று நாங்கள்தான் மரியாதைக்குச் சொல்லிக்கொண்டோம். ஒரு மாட்டுவண்டி போகலாம்; எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் மாந்தோப்புக்குள் இறங்கியாக வேண்டும். ஒரு பக்கம் தோப்பும் குளமும், மறுபக்கம் காடு. காடு அப்படியே ஏறி மேகத்துக்குள் போய்விடும். நடுவில் ஓடைகள் வரும். பாலம் கிடையாது, ஓடை பாதைக்கு மேலேயே ஓடும் சப்பாத்துதான். அழுதகண்ணி ஆற்றுக்குப் போகிற தண்ணீர் அது. சைக்கிளை உருட்டிக்கொண்டு கணுக்கால் நனைய நடந்தால் குளிர் முதுகுத்தண்டு வரைக்கும் ஏறும்.

சாரல் விழுந்த சரளுக்கு ஒரு வாசனை உண்டு. வயல் மண்ணின் வாசனை அல்ல. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மக்கிய இலை, இரண்டும் கலந்தது. எனக்கு அந்த வாசனை தனியாக வந்ததே இல்லை, நல்லெண்ணெய் வாசனையோடு சேர்ந்தேதான் வரும். முத்தண்ணன் தலையில் அம்மா தேய்த்துவிட்ட எண்ணெய் அது.

முத்தண்ணன் என் ஒரே அண்ணன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது போலீசிலோ ராணுவத்திலோ இருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அவர். வடக்கே மலை ரோடுகளில் ராணுவ லாரி ஓட்டினார். லீவில் வந்தால் அவர் அளக்கிற கதையைக் கேட்கத் தெருவே எங்கள் வீட்டில் இருக்கும். பாதி புளுகு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகுமுன்னே ஒரு வருஷம் ஆனி மாதம், உடம்பு சரியில்லை என்று அனுப்பி வைத்திருந்தார்கள். வந்தவர் பேசவில்லை. தூங்கவில்லை. தெருவில் ஒரு டிராக்டர் போனால் எழுந்து கொல்லைப்பக்கம் போய் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்றுகொள்வார். ஆட்களைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

திருநெல்வேலி டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வரும், பேச்சு வர நாளாகும் என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. "மாத்திரை அதுபாட்டுக்கு இருக்கட்டும். ஒரு மண்டலம் அருவித் தண்ணி உச்சந்தலைல விழுந்தா எல்லாம் இறங்கிரும்" என்றாள். வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்கு ஜாலிக்கு வருவார்கள். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அது ஆஸ்பத்திரி. மனசு சரியில்லாதவரை எண்ணெய் தேய்த்துக் கூட்டிப்போய், கூட்டம் வருமுன்னே அருவியில் நிறுத்துவார்கள். விட்டுவிடாமல் தினமும் செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு நடவு வேலை. கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்போது நான் தென்காசியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுஷர், தாமதமாக வந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். சீசன் நேரத்தில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று தலை துவட்டாத மனிதர்கள் தங்கள் ஊருக்குப் போன் போட்டு அருவியைப் பற்றிக் கத்துவார்கள். போனே தேவையில்லை, அப்படியே ஊருக்குக் கேட்டுவிடும். அத்தனை சந்தோஷத்தையும் தினமும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த வருஷம் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. அண்ணனுக்கு இப்படி என்று நாலு பேருக்குத் தெரிந்தால் வருகிற வரனும் வாசலோடு திரும்பிவிடும் என்று அப்பாவுக்குப் பயம். முதல் நாள் சைக்கிளை எடுக்கும்போதே சொல்லிவிட்டார். "பஸ் ரோட்டுல போவாதிய. பாக்குதவன் எல்லாம் நூறு கேள்வி கேப்பான். மலையடில சரள் ரோட்டுலயே போயிட்டு வந்துருங்க. அங்கன ஒரு ஈ காக்கா வராது."

அப்படித்தான் விடிந்தும் விடியாமலும் இரண்டு சைக்கிள்கள் அந்தப் பாதையில் இறங்கின. எனக்கு லேடீஸ் சைக்கிள், அண்ணனுக்கு அப்பாவின் உயரமான பழைய சைக்கிள். நான் முன்னால், அவர் பின்னால். பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சரளில் அவர் டயர் நறநறவென்று அரைபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் நானும் நிற்பேன். மேட்டில் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடி கல் வழுக்காமல் இறங்குவோம். மயில் குறுக்கே நடந்து போகும், அவசரப்படாது. சாரலுக்கு நாங்கள் ஒதுங்குவதும் இல்லை. சாரலில் நனைவதை இந்தப் பக்கத்தில் யாரும் நனைவதாகவே எண்ணுவதில்லை.

அருவியில் அண்ணன் நிற்பார். நான் படியில் துண்டோடு காத்திருப்பேன். தண்ணீருக்கு அடியில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் திரும்பி வரும் வழியில் சின்னச் சின்னதாக ஏதோ நடந்தது. ஒரு நாள் என் சைக்கிள் செயின் கழன்றபோது, கேட்காமலே இறங்கி மாட்டிவிட்டார். இன்னொரு நாள் சப்பாத்தில் நின்று குனிந்து மீன் குஞ்சுகளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா கைகூப்பி மேற்குப் பக்கம் பார்த்துக் கும்பிடுவாள். "அருவி வேலை செய்யுது, பாத்தியளா?"

ஆடி பாதியில் சீசன் கெட்டுப்போனது. காற்று நின்று, சுள்ளென்று வெயில் அடித்தது. அருவி நூலாகி, பிறகு பாறையில் ஈரமாக மட்டும் நின்றது. மண்டலம் பாதியில் முறிந்ததில் அம்மா சாப்பிடவே இல்லை. தண்ணீர் இல்லாத அருவிக்கு எதற்குப் போக வேண்டும் என்று சைக்கிள்களைச் சுவரோரம் சாத்திவிட்டோம். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மருந்து தீர்ந்துபோன மருந்துக்கடைக்கு எவன் போவான் என்கிற மாதிரிதான் எங்கள் புத்தி வேலை செய்தது.

முத்தண்ணன் மறுபடி படப்புக்குப் பின்னால் போனார். இந்தத் தடவை கூப்பிட்டாலும் வரவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தோம். ஒரு நாள் காலை படப்புக்குப் பின்னாலும் ஆள் இல்லை. சுவரோரம் அப்பாவின் சைக்கிளும் இல்லை. அம்மா கிணற்றைப் பார்க்க ஓடினாள். அப்பா குளத்தைப் பார்க்க ஓடினார். எல்லாரும் ஒன்றைத்தான் நினைத்தோம். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரள் பாதையில் போனேன், அழுதுகொண்டே மிதித்தேன்.

தண்ணீர் வற்றிய சப்பாத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில் ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது.

"ண்ணே, இங்கன என்ன செய்யுத? அருவில தண்ணிதான் இல்லயே."

நிமிர்ந்து பார்த்தார். "நான் தண்ணிக்கா வந்தேன்?"

ஊருக்கு வந்தபிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. நான் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார்.

"எனக்கு முன்னால போன லாரி பள்ளத்துல உருண்டுருச்சுட்டீ. உள்ள இருந்த பயலுவ கத்திருப்பானுவ. என் வண்டிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. இப்ப எந்த வண்டி போனாலும் அந்தச் சத்தத்துக்குள்ள யாரோ கத்துத மாதிரியே இருக்கு. இங்கன அது இல்ல. ஒரு இலை விழுந்தாக்கூடக் கேக்குது."

காட்டுக்குள் ஏதோ ஒரு பறவை கத்தி ஓய்ந்தது. அண்ணன் அதை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அன்றைக்கு அவர் முன்னால் போனார், நான் பின்னால் வந்தேன்.

அப்பாவிடம் வயல் வரப்பில் வைத்துச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி மலையைப் பார்த்தார். "நாம தண்ணியத்தாம் பாத்தோம். போற வழிய ஒருத்தரும் பாக்கலியே" என்றார். ஊர்க்கண்ணுக்குப் பயந்து நாங்கள் தேர்ந்தெடுத்த பாதை அது. வெட்கப்பட்டு ஒளித்து வைத்த இடம்தான் அவருக்கு மூச்சுவிடக் கிடைத்தது.

அதற்குப் பிறகு தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் தினமும் காலையில் முத்தண்ணன் சைக்கிளில் போய்வந்தார். மாத்திரையும் விடவில்லை. வேலையிலிருந்து விலகிவந்து வயலைப் பார்த்தார், பேசினார், பழைய புளுகுகூட ஒன்றிரண்டு திரும்பி வந்தது. அம்மா சாகும்வரை அருவிக்குத்தான் பெருமை கொடுத்தாள். அவளிடம் யார் வாதாடுவது?

என் கல்யாணத்துக்கு அப்பா ஒலிபெருக்கி வைக்கவில்லை, ஜெனரேட்டர் கொண்டுவரவில்லை. மாப்பிள்ளையை அழைத்து வந்த வேனை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, எல்லாரையும் நடக்க வைத்தார். குழாய் ரேடியோ இல்லாத கல்யாணமா என்று ஊர் ஒரு மாதம் பேசித் தீர்த்தது. கஞ்சன் என்றார்கள். அண்ணன் பந்தலில் நின்று கடைசிப் பந்திவரை பரிமாறினார்.

அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் இந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். நாங்கள் வந்த வருஷம்தான் மலையடிப் பாதைக்குத் தார் போட்டார்கள். தார் ரோட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வருகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ் வருகிறது. ரோடு போட்ட அன்றைக்கு ஊரோடு சேர்ந்து நானும் மிட்டாய் சாப்பிட்டவள்தான். ஆனால் சப்பாத்துகளெல்லாம் பாலமாயின. மாந்தோப்புகள் கம்பிவேலிக்குள் போய் விடுதிகளாயின. சீசன் கார்கள் பஸ் ரோட்டின் நெரிசலுக்குத் தப்பி இந்த வழியாக வரத் தொடங்கின. பிறகு கல் ஏற்றிய டிப்பர்கள், விடிவதற்கு முன்பே, ஒன்றன்பின் ஒன்றாக.

முத்தண்ணன் சில நாள் போய்ப் பார்த்தார். போகும் தூரம் ஒவ்வொரு நாளும் குறைந்தது. ஒரு நாள் காலையில் புறப்பட்ட கையோடு திரும்பி வந்து, சைக்கிளை உள்ளே ஏற்றி, நிறுத்தி, பூட்டினார். சாவியை என் கையில் கொடுத்தார்.

"ரோடு போட்டுட்டாவட்டீ. இனி எனக்குப் போக வழி இல்ல" என்றார்.

இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார். கொல்லைப்பக்கத்து அறையில் இருக்கிறார், தெருப்பக்கம் வருவதில்லை.