தம்பிக்குக் கிடைத்த பிண வேடம்

சொந்தத் தம்பிக்குக் கிடைத்த பிண வேடத்தை, அது பிணம் என்று தெரியாமலே மீசை வரைந்துகொண்டு போய்ப் பறித்த முட்டாள் ஒஸ்லோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் வைக்கலாம்.

படம் சித்தப்பாவுடையது. அவர் பஸ் ஓட்டினார். மிச்ச நேரத்தில் நோர்வேஜிய மொழியில் துப்பறியும் நாவல் எழுதினார். ஈஸ்டர் விடுமுறை வந்தால் இந்த நாட்டுச் சனம் தோடம்பழமும் கொலைக்கதையுமாக மலைக்குடிலுக்குப் போய்விடும். அந்தப் பைகளில் தன்னுடைய கொலையும் ஒன்று இருக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு பதிப்பகத்து அம்மா கூப்பிட்டுக் கோப்பி கொடுத்து, மொழி நன்றாக வருகிறது, ஆனால் நீங்கள் போரிலிருந்து தப்பி வந்ததை எழுதினால் இன்னும் உண்மையாக இருக்குமே என்றாராம். அந்தக் கதையைச் சித்தப்பா எங்களுக்கே சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. தன் கதையில் கொலை நாங்கள் இருக்கும் அம்மருட்டில், எங்கள் மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் நடக்கிறது என்று சித்தப்பா விளக்கியிருக்கிறார். கொலைகாரன் எந்த நாட்டிலிருந்து வந்தவன் என்று அந்த அம்மா கேட்டார். நோர்வேக்காரன்தான் என்றார் சித்தப்பா. கோப்பி அத்தோடு முடிந்தது.

பிறகு தானே அச்சடித்தார். பெட்டிகள் எங்கள் நிலவறைக்கு வந்து சேர்ந்தன. புத்தகத்தை விற்றுப் படம் எடுப்பது, படத்தைக் காட்டிப் புத்தகத்தை விற்பது, இதுதான் திட்டம்.

"எழுதினதும் நீ, அச்சடிச்சதும் நீ, காவிக்கொண்டு திரியிறதும் நீ. வாசிக்கவாவது வேறை ஆள் இருக்கே?" என்று அப்பா கேட்பார்.

"நீங்கள் இருக்கிறியள்தானே அண்ணை."

"எனக்கு முடிவு தெரியுமடா."

ஈஸ்டர் நெருங்கும்போது புத்தகக் கடைக் கண்ணாடிக்குள் மற்றவர்களுடைய கொலைகளைக் கோபுரமாக அடுக்கியிருப்பார்கள். அதன் முன்னால் நிற்கும்போது சித்தப்பாவின் முகம், தம்பியின் கோப்பையில் பெரிய மீன்துண்டு விழும்போது என் முகம் போகிற போக்கில் போகும். எனக்கு மூக்கு அப்பாவிடமிருந்து வந்தது, பொறாமை சித்தப்பாவிடமிருந்து.

ஒருநாள் அவர் எங்கள் குசினியில் நின்று, கமரா பிடிக்கப்போகும் நோர்வேஜிய நண்பரோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். சின்னவன்தான் 'லீக்' என்று சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சொல் எனக்குக் கணக்குப் பாடத்தில் பழக்கம். இரண்டும் இரண்டும் லீக் நான்கு. சமன், அச்சொட்டாக அதே மாதிரி என்று அர்த்தம். படத்தில் துப்பறிபவராக நடிக்கப்போவது சித்தப்பா. அப்படியென்றால் அவரை உரித்துவைத்த ஒரு சின்னவன் தேவைப்படுகிறான், கதாநாயகனின் சிறுவயது வேடத்துக்கு. அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிணத்துக்கும் அந்த மொழியில் 'லீக்' என்றுதான் சொல்லுவார்கள் என்பதை எந்தக் கணக்கு வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியை உற்று உற்றுப் பார்த்தேன். எந்தப் பக்கத்தால் இவன் சித்தப்பா மாதிரி? சித்தப்பாவின் விரிந்த காது என்னிடம் இருக்கிறது. அவனிடம் இருப்பது ஒரு கன்னக்குழி, அதையும் அவன் அளவுக்கு மிஞ்சிப் பாவித்தான்.

அடுத்த முறை சித்தப்பா மணியடித்தபோது கதவைத் திறந்தது நான். அம்மாவின் மைப்பென்சிலால் மீசை, அப்பாவின் மப்ளர், தலை ஒருபக்கம் வாரி எண்ணெய் வழிந்தது.

"என்னடா இது கோலம்?"

"அவனிலும் பாக்க நான்தான் சித்தப்பா நல்ல லீக்."

சிரித்த சிரிப்பில் அவர் சப்பாத்துத் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவு ஆசையெண்டா நீயே கிடவன்."

கதாநாயகன் ஏன் கிடக்கவேண்டும் என்று யோசித்திருக்கலாம். நான் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னக்குழி மெதுவாக மூடியது. அதைவிட இனிப்பான எதையும் நான் அதுவரை தின்றதில்லை.

படப்பிடிப்பு காட்டோரத்தில், பனி கரையாமல் கிடந்த ஒரு சரிவில். மீசையோடு போனேன். கமராக்காரர் கையுறையால் அதை அழித்துவிட்டு, பனியைக் காட்டிப் படுக்கச் சொன்னார். தலையில் தக்காளிச் சோஸ் ஊற்றப்பட்டபோதுதான் எனக்குச் சமன்பாடு விளங்கியது. எழும்பி ஓடியிருப்பேன், ஆனால் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள்: வெள்ளித்தாள் ஒட்டிய மட்டையால் வெயிலைத் திருப்பி என்மேல் அடிப்பது. சூரியன் அவன் கையில், சோஸ் என் தலையில். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

சித்தப்பா குனிந்து என் முகத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தார். "கண்ணை முழிச்சபடி கிட. இமை வெட்டாதை. உன்ரை முகந்தான் படத்துக்கே உயிர். அடுத்த பதிப்புக்கு அட்டையிலையும் போடுறன்."

அட்டையில் நான். அந்தக் குளிரிலும் உள்ளே சுட்டது. பிணமென்றாலும் பரவாயில்லை, முகம் வரப்போகிறது. தம்பி சாகும்வரை அதைப் பார்க்கவேண்டிவரும்.

அப்போது அம்மா தேநீர்ப் போத்தலோடு வந்தாள். சரிவின் மேலே நின்று என்னைப் பார்த்தாள். போத்தலைத் திறக்கவில்லை. தம்பி மட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டான். அவள் சித்தப்பாவைக் கூப்பிட்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். திரும்பி வந்தவர் என்னைப் பார்க்காமலே, "குப்புறக் கிட," என்றார். முகம் இல்லாவிட்டால் இந்தக் காட்சியே இல்லை என்று கமராக்காரர் வாதாடினார். சித்தப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மூக்குப் பனிக்குள் போனது.

தம்பி கோள் மூட்டிவிட்டான், அம்மா எப்போதும்போல அவன் பக்கம். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

குடியிருப்பின் பொது மண்டபத்தில் படம் காட்டினார்கள். சனம் மீன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தது. திரை நிறைய என் சப்பாத்தின் அடி வந்தது.

"அண்ணா, உன்ரை சப்பாத்து நல்லா நடிச்சிருக்கு," என்றான் தம்பி.

அவனோடு பல நாள் நான் கதைக்கவில்லை. அம்மா அந்த நாட்களில் காரணமில்லாமல் வந்து என் முகத்தைத் தடவிவிட்டுப் போவாள். செய்த அநியாயம் உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா இன்னும் தானே எழுதி, தானே அச்சடித்து, தானே படம் எடுக்கிறார். இப்போது படத்தொகுப்பு மட்டும் நான். போன மாதம் புதுப் படத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கு அம்மா தம்பிக்காகத்தானே என்ரை முகத்தை எடுக்கவேண்டாம் எண்டு சொன்னவ?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொம்மா ஊரிலை அப்பிடிப் பாத்த முகங்களே போதுமடா."